வேட்பாளர் வராத மன்றம்: பினாங்கில் நம் வட்டாரத்தின் கொள்கை அறிக்கையை நாமே தயாரிப்பது எப்படி?

சட்டமன்றத் தேர்தல் வந்தால் பினாங்கில் நம் வீட்டுக் கதவைத் தட்டாத கட்சி இல்லை. ஆனால் வாசல் கால்வாயில் மண் அள்ளுவதும், தோசைக் கடைக்கு உரிமம் கொடுப்பதும், பக்கத்துக் காலி நிலத்தில் முப்பது மாடி எழும்பலாமா என்று முடிவு செய்வதும் வேறோர் அவை. அந்த மாநகர் மன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு ஒருவரும் வருவதில்லை. அதற்குத் தேர்தலே கிடையாது.

தேர்தல் நடக்கும் நாடுகளில் முற்போக்கு வேட்பாளர் ஒருவர் நகர மன்றத்துக்கு நின்றால், வாடகை வீடு, பேருந்து, வெள்ளத் தடுப்பு, சிறு வியாபாரிகளின் பிழைப்பு என்று தம் முன்னுரிமைகளை அச்சிட்டு மக்கள் கையில் கொடுப்பார். பதவிக்காலம் முடியும்போது மக்கள் அதே தாளைக் காட்டிக் கணக்குக் கேட்பார்கள். நம்மிடம் அந்தத் தாள் இல்லை. அதை எழுதும் வேலை குடியிருப்பாளர் சங்கம், கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், அங்காடி வியாபாரிகள், மாதர் குழு ஆகியோருடையது. ஒவ்வொரு கோரிக்கையையும் அதைச் செய்ய அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால், ஓட்டு இல்லாமலும் மன்றத்தை அசைக்க முடியும் என்று நம்புகிறேன். ஜெலுத்தோங், சுங்கை பினாங்கு வட்டார அடுக்குமாடிகளில் அது நடந்ததைப் பார்த்துமிருக்கிறேன்.

முதற்படி: மன்றம் எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வரலாறு நம்மவர் பலருக்கே தெரியாது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது ஜார்ஜ் டவுனில்தான், 1951 டிசம்பரில். 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். அவர் பெயரில் புலாவ் தீக்குஸ் பக்கம் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய நேரத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவரும் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநில அரசு 2012-இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்கப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியைத் தள்ளுபடி செய்தது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். சட்டம் 171-இன் பத்தாம் பிரிவுப்படி மேயரோடு குறைந்தது 8, அதிகம் போனால் 24 உறுப்பினர்கள். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. பெரும்பான்மையினர் அந்த மன்றத்தின் எல்லைக்குள் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி விவகாரத்தில் அனுபவம், தொழிலில் சிறப்பு, அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் திறன் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடைசியில் உள்ள அந்தத் தகுதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

தீவுக்குப் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், 2015 முதல் மாநகரத் தகுதியோடு. பெருநிலத்துக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம், 2019 முதல். இவ்வழிகாட்டி இரண்டுக்கும் பொருந்தும். கோலாலம்பூர் வாசகர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: அங்கே மன்ற உறுப்பினர் என்றே எவரும் இல்லை. கூட்டரசு நியமிக்கும் மேயரும் ஆலோசனை வாரியமும் மட்டுமே. சட்டமன்றமும் கிடையாது. ஆகவே அங்கே கோரிக்கை அறிக்கை நேரே நாடாளுமன்ற உறுப்பினரின் மேசைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: யாருடைய வேலை எது என்று பிரியுங்கள்

கோரிக்கைகள் கிடப்பில் விழுவதற்கு மிகப் பெரிய காரணம் முகவரி தவறுவதுதான். ஒரு குடியிருப்பாளர் கூட்டத்தில் எழும் குறைகளில் கணிசமானவை மாநகர் மன்றத்தின் அதிகாரத்தில் இல்லாதவை. பேருந்து முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்பது நியாயமான குறை. ஆனால் 2007 முதல் தீவில் ஓடும் ரேப்பிட் பினாங்கு, கூட்டரசு நிதியமைச்சுக்குச் சொந்தமான பிரசரானா நிறுவனத்தின் கையில் உள்ளது. தமிழ்ப்பள்ளிக் கட்டடம் கல்வியமைச்சின் பொறுப்பு. குடிநீர் மாநிலத்தின் நீர் வாரியம். நிலப்பட்டா மாநில நில அலுவலகம். மின்சாரம் தேசிய மின்வாரியம்.

மாநகர் மன்றத்தின் கையில் இருப்பவை: குப்பை எடுத்தல், சாலையோரக் கால்வாய், மன்றச் சாலைகள், பேருந்து நிழற்குடை, நடைபாதை, பூங்கா, சந்தை, அங்காடி உரிமம், கட்டட வரைபட அனுமதி, திட்டமிடல் அனுமதி, மதிப்பீட்டு வரி, அடுக்குமாடி நிர்வாகங்களைக் கண்காணிக்கும் கட்டட ஆணையர் பிரிவு. குப்பை விஷயத்தில் பினாங்கு தனி வழி. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைக் கெடாவும் ஜொகூரும் ஏற்றுக் கூட்டரசுக் கழகத்திடம் குப்பையை ஒப்படைத்தன. பினாங்கு அதை ஏற்கவில்லை. ஆகவே இங்கே குப்பை நாறினால் மாநகர் மன்றத்தையே நேராகக் கேட்கலாம்.

குழப்பமான இடம் தண்ணீர் ஓடும் வழி. வீட்டு முன்னால் உள்ள சிறு கால்வாய் மன்றத்துடையது. அது போய்ச் சேரும் ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசனத் துறையுடையவை. இடையே பெரிய சாலை குறுக்கிட்டால் பொதுப்பணித் துறையும் வரலாம். மூன்று அலுவலகத்துக்கும் தனித்தனிக் கடிதம் எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒரே கடிதத்தில் மூவரையும் பெறுநராகப் போட்டு, கூட்டாக இடத்தைப் பார்வையிடக் கோருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் அந்தப் பார்வையிடலை ஏற்பாடு செய்தால் மூவரும் வருவார்கள். அன்று குடியிருப்பாளர்களில் விவரம் தெரிந்த இருவராவது உடன் நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: நடந்து பார்த்துப் பதிவு செய்யுங்கள்

கூட்டம் போட்டுக் குறை கேட்பதற்கு முன் ஒருமுறை வட்டாரத்தை நடந்து பாருங்கள். எவரோடு நடக்கிறீர்கள் என்பது முக்கியம். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கும் தாய், சக்கர நாற்காலிக்காரர் ஒருவர், இரவுப் பணி முடிந்து வரும் தொழிற்சாலைப் பெண் ஒருவர். இளைஞர் மட்டும் நடந்தால் பாதிக் குறை கண்ணில் படாது.

லிட்டில் இந்தியாவில் லெபோ பாசாரை எடுத்துக்கொள்வோம். அங்கே கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை ஓடுகிறது. வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடப்பதற்காகவே கட்டியது. பாட்டியைக் கைப்பிடித்து நடத்திச் செல்லுங்கள். ஒரு கடையின் தரையிலிருந்து அடுத்த கடையின் தரைக்கு ஒரு சாண் உயரம் ஏறுகிறது. இரண்டு கடை தள்ளிச் சட்டென்று இறங்குகிறது. ஒரு இடத்தில் வழவழப்பான ஓடு பதித்திருக்கிறார்கள், மழை நீர் பட்டால் கால் நிற்காது. அடுத்து சேலைப் பொம்மைகளும் பித்தளைக் குத்துவிளக்குப் பெட்டிகளும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். பாட்டி சாலைக்கு இறங்குவார். அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அவற்றையும் சுற்றிக்கொண்டு காரோடு காராக நடப்பார். எந்தக் கடைமுன் இறங்கினார், எங்கே மறுபடி ஏறினார் என்று குறித்துக்கொண்டால் அதுவே உங்கள் ஆவணம். ஐந்தடியை அடைத்து வைப்பதை அகற்ற 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் மன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சேலைக் கடைக்காரரும் நம் பிழைப்புக்காரர்தான். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகச் சொல்வது என் விருப்பமன்று. ஓர் ஆள் அகலத்துக்குக் கோடு போட்டு அதை விட்டுவைக்கச் சொல்வதும், உயர வேறுபாட்டுக்குச் சாய்தளம் கட்டச் சொல்வதும் இரு தரப்பும் ஏற்கக்கூடிய கோரிக்கை. ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம் என்பதால் தரையில் கைவைக்கும் வேலைக்குப் பாரம்பரிய விதிகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பதிவில் இடம், தேதி, நேரம், புகைப்படம், பக்கத்து வீட்டு எண் அல்லது விளக்குக்கம்ப எண் ஆகியவை இருக்கட்டும். வெள்ளம் பற்றிய பதிவென்றால் கடல் ஏற்ற நேரத்தையும் எழுதுங்கள். ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான இடங்களில் மழையும் கடல் ஏற்றமும் ஒன்றுசேரும்போது தண்ணீர் வடிவதற்கு வழியில்லாமல் நிற்கிறது. அந்தத் தகவல் இல்லாத புகாருக்குக் கால்வாயைத் தூர்வாரிவிட்டோம் என்ற ஒற்றை வரிப் பதிலே கிடைக்கும்.

நான்காம் படி: எதை முன்னால் வைப்பது?

முற்போக்கு என்று ஒரு கொள்கை அறிக்கையைச் சொல்வதற்கு என் அளவுகோல் எளியது: குரல் குறைந்தவரின் தேவை அதில் முன்னால் வருகிறதா? கார் வைத்திருப்பவரின் நிறுத்துமிடத்தைவிடப் பேருந்துக்குக் காத்திருப்பவரின் நிழல், பெரிய மேம்பாட்டாளரின் வசதியைவிட வாடகைக்கு இருப்பவரின் பாதுகாப்பு. அந்த அளவுகோலில் தீவின் தமிழ்க் குடும்பங்களுக்கு எவை அவசரம் என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தின் வரிசை மாறலாம்.

என் பட்டியலில் முதலிடம் மலிவு விலை அடுக்குமாடிகளின் பராமரிப்புக்கு. மின்தூக்கி மாதக்கணக்கில் நின்றுபோன கட்டடத்தில் பத்தாவது மாடியில் இருக்கும் முதியவர் மருத்துவமனைச் சந்திப்பையே விட்டுவிடுகிறார். எரிவாயுத் தோம்பைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. முதலில் உங்கள் கட்டடம் எந்த வகை என்று பாருங்கள். அரசு வாடகை அடுக்குமாடியாக இருந்தால் உரிமையாளரான அரசுத் தரப்புதான் பழுது பார்க்க வேண்டும். தனியார் கட்டி விற்ற மலிவு விலை வீடாக இருந்தால் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, பொருந்தும். அப்போது கூட்டு நிர்வாகக் குழுவோ நிர்வாகக் கழகமோ பொறுப்பு. அதன் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு ஆண்டுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். கூட்டமே கூட்டுவதில்லை, கணக்கே காட்டுவதில்லை என்றால் மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். பணத் தகராறு என்றால் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 2,50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அது விசாரிக்கும்.

மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய செலவுக்குப் பினாங்கு மாநில அரசு 80 விழுக்காடு வரை ஏற்கும் பராமரிப்பு நிதி ஒன்று வைத்திருக்கிறது. மீதம் குடியிருப்பாளர் பங்கு. பல கட்டடங்கள் அந்தப் பங்கைத் திரட்ட முடியாமல்தான் தடுமாறுகின்றன, ஏனென்றால் பாதி வீடுகள் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. கட்டாதவர்களைத் திட்டிப் பயனில்லை. எவரால் முடியவில்லை, எவர் கோபத்தில் கட்டவில்லை என்று மாடிக்கு ஒருவர் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு வெளிப்படையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகு, கோபத்தில் நிறுத்தியவர்கள் கட்டத் தொடங்குவார்கள். அறிக்கையில் கோர வேண்டியது: கட்டட ஆணையர் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு மலிவு விலைக் கட்டடத்தின் கணக்கையும் மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் நேரில் பார்க்க வேண்டும், விவரத்தை மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, வெள்ளமும் மலைச்சரிவும். 2017 தீவால் மறக்க முடியாத ஆண்டு. அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். நவம்பர் 4, 5 தேதிகளில் மாநிலமே மூழ்கியது. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் கட்டக்கூடாது என்ற கொள்கை பினாங்கில் நீண்ட காலமாக இருக்கிறது. சிறப்புத் திட்டம் என்ற பெயரில் அளிக்கப்படும் விலக்குகள்தான் சிக்கல். விலக்கு தரும்போதெல்லாம் காரணத்தை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்பதைக் கோரிக்கையாக வையுங்கள்.

மூன்றாவது, அங்காடி வியாபாரிகள். நாசி கண்டார் கடையும் அப்பம், புட்டு விற்கும் அக்காவின் மேசையும் இல்லாத பினாங்கை எவரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் உரிமம் இல்லாமல் சாலையோரம் விற்பவரின் பொருள்களை அதிகாரிகள் அள்ளிச் செல்வதும் அதே பினாங்கில்தான். உரிமத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. இவ்விரண்டையும் குடியிருப்பிலேயே, தமிழிலும் விளக்கி நடத்த வேண்டும் என்று கேளுங்கள். தனித்து வாழும் தாய்மார்கள் காலை வேளையில் மட்டும் விற்க உதவும் தற்காலிக உரிமத்தையும், பறிமுதலுக்கு முன் எழுத்துமூல எச்சரிக்கையையும் சேர்த்துக் கோரலாம்.

நான்காவதாக நடப்பவர்களும் பேருந்துப் பயணிகளும். பேருந்தை மன்றம் ஓட்டவில்லை. ஆனால் நிறுத்தத்துக்குப் போகும் வழி, நிழற்குடை, சாலை கடக்கும் இடம், விளக்கு எல்லாம் அதன் கையில். 2025 ஜனவரியில் முத்தியாரா வழித்தட இலகு ரயில் பணிக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. நிலையங்கள் கட்டி முடியும்வரை காத்திராமல், அவற்றைச் சுற்றி நிழலுள்ள நடைபாதை வரைபடத்தில் இருக்கிறதா என்று இப்போதே கேட்க வேண்டும். அடுத்து வாடகைக்கு இருப்பவர்கள். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நீக்கம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமலுக்கு வந்தபோது ஜார்ஜ் டவுன் நகரின் நடுவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வெளியேறின. மன்றத்தால் வாடகையைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் கடைவீட்டைத் தங்கும் விடுதியாக மாற்ற அனுமதி தருவது அதுதான். குடியிருப்பவர் உள்ள வீட்டுக்கு அந்த அனுமதி எளிதாகக் கிடைக்கக் கூடாது.

துப்புரவுத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் உடைந்த தேங்காய் மலைமலையாகக் குவிகிறது. அதை விடியும் முன் அள்ளி முடிப்பவர்களில் நம் சொந்தங்களும் உண்டு. குத்தகை வேலைக்காரர்களுக்குக் கையுறை, மழைச்சட்டை, கூடுதல் நேர ஊதியம் ஆகியவை குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களுக்கு நுரைக்கோப்பை வேண்டாம் என்று நாமே முடிவு செய்துகொண்டால் அவர்கள் சுமை குறையும்.

ஐந்தாம் படி: பெண்களையும் இளையோரையும் தனியே கேளுங்கள்

பினாங்கில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012-இல் தொடங்கிய பாலினப் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் ஜாலான் சுங்கை அடுக்குமாடியிலும் பெருநிலத்தில் அம்பாங்கானிலும் முதலில் சோதிக்கப்பட்டது. ஆண், பெண், இளையோர், முதியோர் என்று தனித்தனிக் குழுவாக அமர்த்தித் தேவைகளைக் கேட்டு, கிடைக்கும் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களே வாக்களிக்கும் முறை அது. ஒரே அறையில் எல்லோரும் உட்கார்ந்தால் பேசுபவர் எப்போதும் பேசுவார். மூலையில் இருக்கும் மருமகள் வாய் திறக்க மாட்டார். நீங்கள் இதே முறையைச் செலவில்லாமல் நடத்தலாம். ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, தேவைகளை எழுதிய டப்பாக்களில் போடச் சொல்லுங்கள். பிறகு எண்ணினால் வரிசை தெரியும்.

ஆறாம் படி: கோரிக்கையை எழுதும் விதம்

பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறோம்: ‘எங்கள் பகுதியில் கால்வாய்ப் பிரச்சினை நீண்ட காலமாக உள்ளது. தயவுசெய்து உடனடி நடவடிக்கை எடுக்கவும்.’ இதைப் படிக்கும் அதிகாரிக்கு எங்கே போவது, என்ன செய்வது என்று தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘14-ஆம் எண் வீட்டுக்கும் 22-ஆம் எண் வீட்டுக்கும் இடையே சாலையோரக் கால்வாய் முக்கால்வாசி மண்ணால் அடைந்துள்ளது. அரை மணி நேரம் மழை பெய்தால் நீர் சாலைக்கு ஏறுகிறது. கடைசி மூடி சிமெண்டால் பூசப்பட்டிருப்பதால் உள்ளே இறங்கித் தூர்வார முடியவில்லை. கோரிக்கை இரண்டு: அந்த மூடியைக் கழற்றக்கூடிய இரும்புக் கம்பி மூடியாக மாற்றவும், அக்டோபர் மழைக்கு முன் தூர்வாரவும். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்களின் கையொப்பமும் புகைப்படமும் இணைப்பில் உள்ளன.’ இதை அப்படியே வேலை உத்தரவாக மாற்றிவிடலாம்.

பேச்சு தமிழில் நடக்கட்டும். கடிதம் மலாயில் போகட்டும். அலுவலகம் மலாயில் இயங்குகிறது. இடைநிலைப்பள்ளி முடித்த பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள், அவர்களுக்கும் ஊர் விவகாரம் பழகும். ஆனால் கையொப்பம் வாங்கும்போது தமிழ்ப் பிரதியைப் படித்துக் காட்டிய பிறகே வாங்குங்கள். முழு அறிக்கை நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முன்னுரிமைக்கும் பொறுப்பான துறை, செய்ய வேண்டிய செயல், காலக்கெடு மூன்றும் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பேசுங்கள்

‘நிதி இல்லை’ என்ற பதிலுக்கு எதிரே நிற்க வேண்டுமென்றால் மதிப்பீட்டு வரியைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடே ஆண்டு மதிப்பு. அதன்மேல் ஒரு விழுக்காடு வரியாகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட், வரி விகிதம் 8 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 480 ரிங்கிட். அதை இரண்டாகப் பிரித்துப் பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் கட்டுகிறோம். மதிப்பீட்டுப் பட்டியல் திருத்தப்படும்போது வீட்டுக்கு அறிவிப்பு வரும். மதிப்பு அதிகம் என்று தோன்றினால், அறிவிப்பில் குறித்த தேதிக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக இந்த வரியைச் சுமக்கிறார். ஆகவே கேட்பதற்கு உரிமையில்லை என்று எவரும் ஒதுங்க வேண்டாம்.

மன்றத்தின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் தயாராகிவிடும். டிசம்பரில் கொண்டுபோகும் கோரிக்கைக்கு இடமிருக்காது. ஜூன், ஜூலை வாக்கிலேயே அறிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: ஒப்படைப்பதும் தொடர்வதும்

உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்பதைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கையின் மூன்று பிரதிகள் வேண்டும்: மன்ற உறுப்பினருக்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு, மன்ற அலுவலக முகப்புக்கு (தீவில் அது கொம்தாரில் உள்ளது). நான்காவது உங்களுடையது, அதில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். இணையம் வழி புகார் செய்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகைப்படமெடுத்துப் புலனக் குழுவில் போட்டால் குறை பதிவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எண் இல்லாத புகார் அலுவலகத்தில் இல்லாத புகார்.

சட்டம் 171-இன் 23-ஆம் பிரிவுப்படி, மன்றம் தனித் தீர்மானம் போட்டாலொழிய அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. முழு மன்றக் கூட்டம் நடக்கும் தேதியைக் கேட்டு வாங்கி, தீவில் என்றால் பாடாங் கோத்தா லாமா எதிரே உள்ள மாநகர மண்டபத்துக்கு, நான்கைந்து பேராகப் போய் உட்காருங்கள். பேச அனுமதி கிடைக்காது. ஆனால் உங்கள் வட்டார உறுப்பினர் உங்கள் விஷயத்தை எழுப்புகிறாரா என்று நேரில் தெரிந்துவிடும். ஒப்பந்தமோ அறிக்கையோ பார்க்க வேண்டுமென்றால் பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம்.

பதில் வராவிட்டால் மாதம் ஒரு நினைவூட்டல், பழைய கடிதத்தின் பிரதியோடு. தமிழ் நாளேடுகள் வட்டாரச் செய்திக்கு இடம் கொடுக்கின்றன. மாநில அரசே வெளியிடும் ‘முத்துச் செய்திகள்’ இதழும் இருக்கிறது. பழுது சரியானதும் நன்றிக் கடிதம் ஒன்று எழுதுங்கள். அடுத்த முறை அதே அதிகாரியிடம்தான் போக வேண்டும், தவிர அவர் உண்மையிலேயே வேலை செய்திருக்கிறார்.

ஒன்பதாம் படி: கட்டுமானத் திட்டம் வந்தால்

இதில் நாள் தவறினால் எல்லாம் போயிற்று. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் நடைமுறைக்கு வராத பகுதியில் திட்டமிடல் அனுமதி கோரப்பட்டால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். ஆட்சேபத்துக்கு 21 நாள் அவகாசம். அறிவிப்பு உரிமையாளருக்கே போகும், வாடகைக்காரருக்குப் போகாது. ஆகவே வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறிவிப்புப் பலகை நட்டதைக் கண்டால் அன்றே படமெடுங்கள். ஆட்சேபத்தில் ‘எங்களுக்கு வேண்டாம்’ என்பதைவிட, வடிகால் கொள்ளளவு, சாலை அகலம், தீயணைப்பு வண்டி திரும்ப இடம், பள்ளி வாசல் நெரிசல் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். உள்ளூர்த் திட்டம் உள்ள பகுதியில் இந்த அறிவிப்பை எதிர்பார்க்க முடியாது. அங்கே போராட்டம் திட்ட வரைவு காட்சிக்கு வைக்கப்படும் நான்கு வாரங்களிலேயே நடக்க வேண்டும்.

புக்கிட் கெலுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை நம்மில் பலர் மறக்கவில்லை. மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அந்தக் கிராமம் நீதிமன்றம் வரை போய்த் தோற்று, 2009-இல் இடிக்கப்பட்டது. நிலம் கைமாறிய பின் வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது. உங்கள் குடியிருப்பு நிற்கும் நிலம் எவர் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் பார்க்கச் சிறு கட்டணம்தான். அதை இந்த ஆண்டே பாருங்கள்.

பத்தாம் படி: நம் ஆளை முன்மொழியுங்கள்

உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படாது என்று சட்டம் சொல்கிறது. பினாங்கில் வழக்கமாக அதைவிடக் குறுகிய காலத்துக்கு நியமித்துப் புதுப்பிக்கிறார்கள். 2008-க்குப் பிறகு கட்சிகளோடு அரசு சாரா அமைப்புகளுக்கும் இடம் ஒதுக்கும் வழக்கம் வந்தது. 2023-இல் பொறியியலாளர் ராஜேந்திரன் தீவின் மேயரானார். நம்மவர் ஒருவர் மேலே அமர்ந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்த அறிக்கையின் வேலை மன்றத்தின் 24 நாற்காலிகளில் இருக்கிறது. அடுக்குமாடி நிர்வாகத்தை நடத்திப் பழகிய ஒரு பெண்மணி, அங்காடிச் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற தாதி: இவர்களெல்லாம் சட்டம் சொல்லும் ‘தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும்’ தகுதி உடையவர்கள்.

அக்டோபர் வாக்கில் அவர் செய்த பணிகளை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் அறிக்கையை அதோடு இணைத்து, கட்சிகளின் மாநிலச் செயலகத்துக்கும் முதலமைச்சர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நியமனம் எவருக்குக் கிடைத்தாலும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், பதவியேற்ற முதல் மாதத்திலேயே குடியிருப்புக்கு அழையுங்கள். அறிக்கையை அவர் முன்னால் வாசித்து, இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று கேட்டு, அவர் கையொப்பத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி அழையுங்கள். தைப்பூசம், ரமலான், பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்து, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் வைத்தால் பெண்களும் வருவார்கள்.